வேதத்தைத் தொடும் கை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

மயிலாப்பூருக்கு வந்து தூய்மையைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். மடி, ஆசாரம், தீட்டு ஆகிய சொற்கள் மாட வீதிகளில் நாள்தோறும் புழங்குபவை. சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அடுக்கி வைத்துவிட்டு, மறுநாள் எடுக்கும் வரை ஓர் எழுத்தும் படிக்காமல் இருப்பதும், காகிதத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதும் இங்குள்ள சிறு பிள்ளைக்கும் தெரியும். இதே மயிலாப்பூரில் கச்சேரி சாலையில் பள்ளிவாசலும் இருக்கிறது. அங்கே குர்ஆனை எடுக்கப் போகிறவரின் கை முதலில் தண்ணீருக்குப் போகிறது. அந்தத் தண்ணீருக்கும் புத்தகத்துக்கும் உள்ள உறவுதான் இன்றைய பொருள்.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குர்ஆனைத் தொடும் கைக்கு இஸ்லாமியச் சட்டம் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. அந்தக் கட்டுப்பாடு கல்விக்குக் குறுக்கே வந்த இடங்களிலெல்லாம் சட்ட அறிஞர்களே வழி திறந்துவிட்டும் இருக்கிறார்கள். இந்த இரண்டாவது பாதியை நாம் அதிகம் பேசுவதில்லை. அதைப் பேசினால் இன்று நம் ஊரில் செய்ய வேண்டிய ஒரு வேலை தெளிவாகும்.

1. தொடக்கும் அழுக்கும்

இஸ்லாமியச் சட்ட நூல்கள் இரண்டு நிலைகளைத் தனித்தனியே வைத்துப் பேசுகின்றன. ஒன்று நஜீஸ். சிறுநீர், இரத்தம் போன்ற அழுக்குப் பொருள்கள் உடலிலோ துணியிலோ படுவது. பட்ட இடத்தைக் கழுவினால் போயிற்று. மற்றொன்று ஹதஸ். இதைத் தமிழ் முஸ்லிம்கள் தொடக்கு என்பார்கள். தூங்கி எழுந்தாலோ, இயற்கைக் கடனைக் கழித்தாலோ வருவது சிறுதொடக்கு. அதற்கு உளூ என்கிற உறுப்புக் கழுவல் போதும். தாம்பத்திய உறவு, மாதவிடாய், பிள்ளைப்பேறு ஆகியவற்றால் வருவது பெருந்தொடக்கு. அதற்குக் குளிப்பு கடமையாகும்.

தொடக்கு மனிதர் அடைகிற ஒரு நிலை. அது அவருடைய தகுதியைக் குறைப்பதில்லை. இன்னொருவர்மேல் ஒட்டிக்கொள்வதும் இல்லை. நபித்தோழர் அபூஹுரைரா ஒருமுறை குளிப்பு கடமையான நிலையில் மதீனாத் தெருவில் நபிகளாரைக் கண்டதும் மெல்ல நழுவிப் போய்க் குளித்துவிட்டு வந்தார். காரணம் கேட்டு அறிந்த நபிகளார், இறைநம்பிக்கையாளர் அசுத்தமாகிவிடுவதில்லை என்று திருத்தினார். ஆயிஷா அம்மையார் மாதவிடாயில் இருந்தபோது, அவர் மடியில் தலை சாய்த்துக்கொண்டு நபிகளார் குர்ஆன் ஓதிய செய்தி புகாரி, முஸ்லிம் தொகுப்புகளில் உள்ளது. பள்ளிவாசலிலிருந்து விரிப்பை எடுத்துத் தரச் சொன்னபோது அவர் தயங்கினார். மாதவிடாய் உன் கையில் இல்லையே என்ற பொருளில் பதில் கிடைத்தது.

நம் மண்ணில் தீட்டு என்ற கருத்து பிறப்போடு சேர்ந்துகொண்டு தெருக்களையும் கிணறுகளையும் பிரித்த வரலாறு நமக்குத் தெரியும். இஸ்லாமியச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. நவாபுக்கும் நவாபின் குதிரைக்காரருக்கும் தொடக்கு ஒரே மாதிரிதான் வரும், ஒரே தண்ணீரால்தான் நீங்கும். முகம், முழங்கை வரை கைகள், ஈரக்கையால் தலை, கணுக்கால் வரை பாதங்கள் என்று குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயத்தின் ஆறாம் வசனம் உளூவின் வரிசையைச் சொல்கிறது. தண்ணீர் கிடைக்காவிட்டால் தூய மண்ணைத் தொட்டு முகத்தையும் கைகளையும் தடவிக்கொள்ளும் தயம்மும் போதும் என்று அதே வசனம் முடிக்கிறது.

2. உமரின் கையும் ஹெராக்ளியஸின் கையும்

வேதத்தைத் தொடுவது பற்றிப் பேசும்போது தமிழ் முஸ்லிம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது உமரின் கதை. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் அவர் ஈமான் கொண்டதற்கென்றே தனிப் படலம் உண்டு. நபிகளாரைக் கொல்ல வாளோடு கிளம்பிய உமர், தங்கை ஃபாத்திமாவே இஸ்லாத்தை ஏற்றுவிட்ட செய்தியை வழியில் கேட்டு அவர் வீட்டுக்குத் திரும்புகிறார். உள்ளே தாஹா அத்தியாயம் ஓதும் ஒலி. அடி, இரத்தம், பிறகு வெட்கம். அந்த ஏட்டைக் காட்டு என்று கேட்கிறார். குளித்துவிட்டு வா, தருகிறேன் என்கிறார் தங்கை. நபிகளாரின் வரலாற்றை முதலில் தொகுத்தவர்களில் ஒருவரான இப்னு இஸ்ஹாக் வழியாக வரும் செய்தி இது.

இந்தக் கதையில் சட்ட நிபந்தனை மட்டும் இல்லை. உமர் அப்போது முஸ்லிம் அல்லர். தங்கையை அடித்த கை அது. அப்படிப்பட்ட கைக்கும் ஏடு மறுக்கப்படவில்லை, தண்ணீர் மட்டும் இடையில் வந்தது. அந்தச் சில நிமிடங்களில் அவருடைய கோபம் ஆறியிருக்கும் என்று நான் எண்ணுவதுண்டு.

சட்ட ஆதாரமாகக் காட்டப்படுவது 56ஆம் அத்தியாயத்தின் 79ஆம் வசனம். தூய்மையாக்கப்பட்டவர்களைத் தவிர வேறு யாரும் இதைத் தொடமாட்டார்கள் என்பது அதன் கருத்து. பழைய உரையாசிரியர்களில் பலர், இது வானவர்களைப் பற்றியது, விண்ணில் உள்ள மூல ஏட்டைப் பற்றியது என்றே விளக்கம் தந்தார்கள். மனிதருக்கான விதியை அறிஞர்கள் இன்னொரு ஆவணத்திலிருந்தும் எடுத்தார்கள். அம்ரு இப்னு ஹஸ்ம் யமன் நாட்டுக்கு அனுப்பப்பட்டபோது நபிகளார் கொடுத்த கடிதத்தில் தூய்மையானவர் மட்டுமே குர்ஆனைத் தொட வேண்டும் என்ற கட்டளை இருந்ததாக இமாம் மாலிக் தம் முவத்தாவில் பதிவு செய்திருக்கிறார். இவற்றை வைத்து ஹனஃபி, மாலிகி, ஷாஃபிஈ, ஹன்பலி ஆகிய நான்கு மத்ஹபுகளும் (சட்டப் பள்ளிகளும்) உளூ இல்லாமல் முஸ்ஹஃபை, அதாவது குர்ஆன் ஏட்டை, தொடக்கூடாது என்றன. ஸ்பெயினில் வாழ்ந்த இப்னு ஹஸ்ம் போன்ற ளாஹிரி பிரிவு அறிஞர்கள் இந்த விதியை ஏற்கவில்லை. மனப்பாடமாக ஓதுவதற்கு உளூ கட்டாயம் இல்லை என்பதில் எல்லோரும் ஒன்றுபட்டார்கள். சிறுதொடக்கில் இருக்கும்போது நாக்குக்குத் தடை இல்லை, கைக்கு மட்டுமே.

இன்னொரு கடிதமும் இருக்கிறது. பைசாந்தியப் பேரரசர் ஹெராக்ளியஸுக்கு நபிகளார் எழுதிய அழைப்பில் குர்ஆன் வசனம் ஒன்று இடம்பெற்றிருந்தது. அதைப் பிரித்தது கிறிஸ்தவப் பேரரசரின் கை. ஒன்றிரண்டு வசனங்கள் கொண்ட கடிதம் பிற சமயத்தார் கையில் இருக்கலாம் என்பதற்கு அறிஞர்கள் இதையே சான்றாகக் காட்டினார்கள்.

நம் ஊர்ச் சான்று ஒன்றும் சொல்கிறேன். திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் 1795ஆம் ஆண்டுக் கட்டடம். மரமும் இரும்பும் சேர்க்காமல் கருங்கல்லால் எழுப்பியது. அதன் உள்ளே, தொழுகைத் திசையைக் காட்டும் மிஹ்ராபுக்கு மேல், ஆண்டைக் குறிக்கும் பாரசீகச் செய்யுள் பொறிக்கப்பட்டிருக்கிறது. இயற்றியவர் ராஜா மக்கன் லால் கிரத். நவாபிடம் பணிபுரிந்த இந்து. இறைவனை நினைவுகூர்வதே பெரிது என்ற பொருள்படும் அரபுத் தொடரை, 29ஆம் அத்தியாயத்தின் 45ஆம் வசனத்தை ஒட்டி, அவர் ஆண்டுக் குறிப்பாக அமைத்தார். எழுத்துகளின் எண் மதிப்பைக் கூட்டிப் பாருங்கள்: முதல் சொல் 920, இரண்டாவது 66, மூன்றாவது 223. மொத்தம் 1209. அது பள்ளிவாசல் எழுந்த ஹிஜ்ரி ஆண்டு. தொழுகிறவர்கள் முகம் திருப்பும் சுவரில் இந்துப் புலவர் ஒருவரின் சொல் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது.

3. ஒரு நகரம், இரண்டு மத்ஹபுகள்

தமிழ்நாட்டில் காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபு வேரூன்றியது. உள்நாட்டு ஊர்களிலும் உருது பேசும் குடும்பங்களிலும் ஹனஃபி மத்ஹபு. சென்னையில் இரண்டும் ஒரே ஹவுளின், அதாவது பள்ளிவாசல் நீர்த்தொட்டியின், கரையில் உட்கார்ந்து உளூ செய்கின்றன. அந்த ஹவுளுக்கும் இரண்டு அளவுகள் உண்டு. பத்து முழம் நீளம், பத்து முழம் அகலம் என்பது ஹனஃபிக் கணக்கு. ஷாஃபிஈகளுக்கு இரண்டு குல்லத், அதாவது 200 லிட்டரை ஒட்டிய அளவு. அதற்குக் குறையாத நீரில் அழுக்கு விழுந்தாலும் நிறம், மணம், சுவை மாறாத வரை நீர் தூய்மையானதே. நபிகளார் ஒரு முத்து அளவு நீரில் உளூவை முடித்திருக்கிறார். இன்றைய கணக்கில் ஒரு லிட்டர் பாட்டில் நிறையாது. 2019 கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த சென்னைக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

கைக்கு வருவோம். ஹனஃபிகளின் விதிப்படி, புத்தகத்தோடு ஒட்டாத தனித்துணியால் பிடித்தால் உளூ இல்லாமலும் எடுக்கலாம். அதனால்தான் உருது பேசும் வீடுகளில் குர்ஆனுக்கு ஜுஸ்தான் என்கிற துணிப்பை வந்தது. ஷாஃபிஈ மத்ஹபு இன்னும் இறுக்கமானது. உறையோடு எடுப்பதும் சுமப்பதும் கூடாது. ஆனால் அந்த இறுக்கத்துக்குள்ளேயே எத்தனை சன்னல்கள்! ஷாஃபிஈ மாணவர்கள் பாடம் கேட்கும் மின்ஹாஜ் என்ற நூலில் இமாம் நவவீ அவற்றை வரிசைப்படுத்துகிறார். மற்றச் சாமான்களோடு மூட்டையில் இருந்தால் சுமக்கலாம். விளக்கவுரை அதிகமாகவும் மூலம் குறைவாகவும் உள்ள தஃப்சீரைத் தூக்கலாம். வசனம் பொறித்த தீனார் காசுகளை வைத்துக்கொள்ளலாம். உமையா கலீஃபா அப்துல் மலிக் 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் வசனங்களைக் காசில் அச்சடித்தபின், உளூ இல்லாமல் காசைத் தொடாதே என்றால் சந்தையே நின்றுபோகும் அல்லவா! குச்சியால் பக்கத்தைப் புரட்டலாமா என்றும் ஒரு கேள்வி. கூடாது என்பது இமாம் ராஃபிஈயின் முடிவு. நவவீ குறுக்கிட்டு, புரட்டலாம் என்பதே சரியான கருத்து என்று எழுதினார்.

இந்தச் சன்னல்களில் பெரியது பிள்ளைகளுக்காகத் திறந்தது. மாலையில் மக்தபு என்கிற குர்ஆன் பாடசாலைக்குள் போய்ப் பாருங்கள். வெள்ளைத் தொப்பியும் முக்காடும் அணிந்த பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் முன்பும் பெருக்கல் குறிபோல விரிந்த ரைஹால் பலகை. அதன்மேல் குர்ஆனின் முப்பதாவது பகுதியான ஜுசுவு. கால் நீட்டக்கூடாது, புத்தகத்தைத் தரையில் வைக்கக்கூடாது, அதன்மேல் வேறு புத்தகம் அடுக்கக்கூடாது. கைதவறி விழுந்தால் எடுத்து முத்தமிட்டு நெற்றியில் வைப்பார்கள். நடுவில் ஒரு பையன் எழுந்து வெளியே போய் வருவான், தூங்கி விழுவான். ஒவ்வொரு முறையும் அவனை ஹவுளுக்கு அனுப்பினால் ஒரு வசனமும் மனத்தில் ஏறாது. எனவே விவரம் தெரிந்த சிறுவர் கல்விக்காக உளூ இல்லாமல் முஸ்ஹஃபைத் தொடலாம், சுமக்கலாம் என்று ஷாஃபிஈ அறிஞர்கள் தீர்ப்பளித்தார்கள். உளூவின் பழக்கத்தையும் ஆசிரியரான ஹஜ்ரத் சொல்லிக்கொடுப்பார். பழக்கம் வரும் வரை பாடம் காத்திருக்காது.

மாலிகிகள் ஒருபடி மேலே போனார்கள். கற்கிறவரும் கற்பிக்கிறவரும், அவர் மாதவிடாயில் உள்ள பெண்ணாக இருந்தாலும், தொடலாம் என்றார்கள். ஹனஃபிகள் அந்நிலையில் உள்ள ஆசிரியைக்குச் சொல் சொல்லாகப் பிரித்துப் பாடம் சொல்ல வழி காட்டினார்கள். பெண் கல்வி மாதத்தில் சில நாள் நின்றுபோகக் கூடாது என்ற அக்கறை இந்த நுணுக்கங்களில் தெரிகிறது.

இந்தச் சட்டம் தமிழ் வீட்டுக்குள் வந்த வழியும் கவனிக்கத்தக்கது. கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898), ஷாஃபிஈ சட்டங்களை ஃபத்ஹுத் தய்யான் என்ற நூலாக அரபுத்தமிழில் எழுதினார். அரபு எழுத்தில் தமிழ். குர்ஆன் ஓதக் கற்ற பெண்களுக்கு அந்த எழுத்து ஏற்கெனவே தெரியும். தொடக்கு, குளிப்பு, உளூ ஆகியவற்றின் விதிகளை அவர்கள் தாய்மொழியில் தாங்களே படித்துக்கொண்டார்கள். ஹனஃபிப் பக்கத்தில், லக்னோ ஃபரங்கி மஹல் மரபில் வந்த பஹ்ருல் உலூம் அப்துல் அலீயை நவாப் வாலாஜா சென்னைக்கு வரவழைத்தார். தொழுகை முதலிய கடமைகளின் சட்டங்களை விரித்துரைத்தவர் அவர். 1810இல் மறைந்து வாலாஜா பள்ளிவாசல் வளாகத்திலேயே அடங்கியிருக்கிறார்.

4. அச்சகமும் கைப்பேசியும்

கையெழுத்துப் படியாக இருந்த வரை ஒரு குர்ஆனைச் சில கைகளே தொட்டன. அச்சு வந்ததும் எழுத்துக்கோப்பவர், மை தடவுபவர், மடிப்பவர், தைப்பவர் என்று கைகள் பெருகின. லக்னோவில் 1858இல் முன்ஷி நவல் கிஷோர் தொடங்கிய அச்சகம் வட இந்தியாவில் குர்ஆனை ஏழைக்கும் எட்டும் விலையில் கொண்டு சேர்த்தது. உரிமையாளர் இந்து. குர்ஆன் அச்சாகும்போது பணியாளர் உளூவோடு இருக்க வேண்டும் என்று அவர் ஏற்பாடு செய்திருந்ததாக வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். எப்படியும், வேதம் பரவ வேண்டும் என்ற தேவையும் வேதத்துக்கு மரியாதை வேண்டும் என்ற தேவையும் ஒரே கூரையின் கீழ் நிறைவேறின.

தமிழில் முழுமையான முதல் மொழிபெயர்ப்பைத் தந்தவர் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் பயின்ற ஆ.கா. அப்துல் ஹமீது பாக்கவி. 1929இல் முதல் பகுதி வந்தது, 1940களில் முழுமை பெற்றது. மொழிபெயர்ப்பு முஸ்ஹஃப் ஆகாது என்பது பெரும்பாலான அறிஞர்களின் நிலை. எனவே மூலம் இல்லாத தமிழ்ப் படியைப் படிக்க யாரும் ஹவுளுக்குப் போக வேண்டியதில்லை. அரபு மூலத்தையும் சேர்த்து அச்சிடும்போது கவனம் கூடுகிறது. இன்று மெட்ரோவில் நின்றபடி கைப்பேசியில் யாசீன் ஓதுகிறவரைப் பார்க்கிறோம். திரை அணைந்தால் எழுத்து இல்லை, ஆகவே கைப்பேசி முஸ்ஹஃப் அல்ல, உளூ இல்லாமல் தொடலாம் என்பதே இன்றைய மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோரின் தீர்ப்பு. தீனார் காசுக்குத் திறந்த சன்னலைப் போன்றதுதான் இதுவும்.

பழஞ்சுவடிக் காப்பாளர்களின் உலகில் நடந்த ஒரு மாற்றத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். அரிய ஏடுகளைப் பருத்திக் கையுறை போட்டுத் தொடுவதே முறை என்று நெடுங்காலம் இருந்தது. கையுறையால் விரலின் நுண்ணுணர்வு குறைந்து தாள் கிழிகிறது என்று கண்டபின், பிரிட்டிஷ் நூலகம் போன்ற பெரிய நூலகங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு வெறுங்கையால் தொடுங்கள் என்கின்றன. நோக்கம் வேறுதான். ஆனாலும் புத்தகத்துக்கு முன் கழுவிய கை என்ற ஒழுங்கு அங்கேயும் வந்து சேர்ந்திருக்கிறது.

5. பழைய ஏடு எங்கே போகிறது?

இப்போது நான் சொல்ல விரும்பிய வேலைக்கு வருகிறேன். கிழிந்துபோன, ஓத முடியாத குர்ஆனைக் குப்பையில் போட முடியாது. ஹனஃபிகள் தூய துணியில் சுற்றி, கால் படாத இடத்தில் புதைக்கச் சொல்வார்கள். ஷாஃபிஈகள் எழுத்தைக் கழுவி அழிக்கலாம், எரிக்கலாம் என்பார்கள். கலீஃபா உஸ்மான் ஒரே சீரான படிகளை ஊர்களுக்கு அனுப்பிவிட்டு மற்ற ஏடுகளை எரிக்கச் சொன்ன முன்மாதிரி அவர்களுக்கு ஆதாரம். நம் பள்ளிவாசல்களில் ஒரு மூலையில் சாக்கு மூட்டை இருக்கும். பழைய ஜுசுவுகள், கிழிந்த யாசீன், அட்டை போன கிதாபுகள் எல்லாம் அதில் சேரும். மூட்டை நிறைந்ததும் கபரஸ்தான் என்கிற அடக்கத்தலத்தில் குழி தோண்டுவார்கள், அல்லது ஆழ்ந்த நீரில் இறக்குவார்கள்.

அரபு எழுத்தைக் கண்டாலே கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில், அரபுத்தமிழில் எழுதிய மருத்துவக் குறிப்பும் மாலைப் பாட்டும் கடிதமும்கூட அதே மூட்டைக்குப் போயின. எந்த நூலையும் வெறுத்து யாரும் அழிக்கவில்லை. மதித்ததாலேயே மண்ணுக்குள் வைத்தார்கள். இந்தச் சோகம் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதல்ல. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சுவடி தேடிப் போன உ.வே. சாமிநாதையருக்கு, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஆகம முறைப்படி ஓமத்தில் இட்டுவிட்டதாகப் பதில் கிடைத்தது. திருவல்லிக்கேணியில் வாழ்ந்து, எஞ்சியவற்றை அச்சேற்றிய அவர் பெயரால் 1943இல் தொடங்கிய நூலகம் இன்று பெசன்ட் நகரில் இருக்கிறது.

யமன் நாட்டு ஸனா பெரிய பள்ளிவாசலில் நடந்தது இதற்கு மாறானது. அங்கே பழைய ஏடுகளைப் புதைக்காமல் கூரைக்கும் உள்கூரைக்கும் நடுவில் போட்டுவைத்திருந்தார்கள். 1972இல் பழுதுபார்க்கும்போது வேலையாட்கள் அவற்றைச் சாக்கில் அள்ளினார்கள். படித்தவர் ஒருவரின் பார்வையில் பட்டதால் அவை பிழைத்தன. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கணிக்கப்பட்ட தோல் ஏடுகளும் அவற்றில் இருந்தன. குர்ஆன் எழுத்து வரலாற்றை ஆராய்வோர் இன்று அவற்றைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. கெய்ரோவில் பென் எஸ்ரா யூதத் தொழுகைக் கூடத்தின் பழந்தாள் அறையும் இப்படித்தான் ஒரு சமூகத்தின் நூற்றாண்டுகளைக் காப்பாற்றித் தந்தது.

ஆகவே என் வேண்டுகோள் இது. மூட்டையைப் புதைப்பதற்கு முன் ஒருநாள் பிரித்துப் பார்க்க வேண்டும். மயிலாப்பூர், இராயப்பேட்டை, திருவல்லிக்கேணிப் பள்ளிவாசல் வட்டாரங்களில் தொடங்கலாம். ஹஜ்ரத் ஒருவர், அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர், கல்லூரி மாணவர் இருவர் போதும். அச்சான குர்ஆன் பிரதிகள் முறைப்படி மண்ணுக்குப் போகட்டும். கையால் எழுதியது, அரபுத்தமிழில் அச்சானது, ஓரத்தில் பிறப்பு இறப்புத் தேதி குறித்தது ஆகியவற்றைத் தனியே எடுத்துவைத்து ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுக்க வேண்டும். அவற்றைக் காக்க அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இந்த நகரத்திலேயே உள்ளன. தொடுவது பற்றித் தயக்கம் இருந்தால், உளூவோடு இருப்பவர் பக்கத்தைப் புரட்டட்டும், மற்றவர் படமெடுக்கட்டும். அதுவும் இயலாத நேரத்துக்கு ஹனஃபிகளின் துணி இருக்கிறது, நவவீயின் குச்சி இருக்கிறது.

காசுக்கும் பிள்ளைகளுக்கும் ஆசிரியைக்கும் வழி விட்ட சட்டம் இதற்கும் வழி விடும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆலிம்கள் கலந்து பேசி எழுத்தில் ஒரு வழிகாட்டுதல் தர வேண்டும். இந்த அறக்கட்டளையார் வரும் ஆண்டுகளில் ஒரு சொற்பொழிவின் செலவையாவது இந்தப் பணிக்கு ஒதுக்கினால், இன்று பேச அழைத்த மரியாதையைவிட அதையே பெரிதாகக் கருதுவேன்.